பிடியரிசிப் பானையில் சிவப்பு அரிசி

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. முழுக் கதையும் இல்லை, ஒரு துண்டுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: “அந்த வருஷம் எங்க அம்மா பிடியரிசிப் பானைய வச்சுக்கிட்டு பட்ட பாடு இருக்கே, கேளு.” மற்றவள் கேட்பதற்குள் அவர்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது. நானும் கூடவே இறங்கியிருக்கலாம். இறங்கி என்ன கேட்பது? உங்கள் அம்மா பட்ட பாட்டை எனக்கும் சொல்லுங்கள் என்றா?

ஆகவே, இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்த அம்மாவுக்கு வேதமணி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘ராஜபாளையத்துப் பஞ்சாலையில் சங்கு ஊதியபோது வேதமணி...’

விட்டுவிட்டேன். சங்கு ஊதித் தொடங்கும் கதையில் நாலாம் பக்கத்தில் வேலைநிறுத்தம் வந்தே தீரும்.

தொடக்கம் இரண்டு: ‘வேதமணி பக்தியுள்ள பெண்.’

இது கல்லறையில் வெட்டுகிற வாக்கியம். உயிரோடு இருப்பவளுக்கு ஆகாது.

எந்த வருஷம் என்பதிலும் குழப்பம். நாற்பத்து மூன்று என்று முதலில் வைத்தேன். யுத்தகால அரிசித் தட்டுப்பாடு உள்ளே புகுந்து கதை முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. முப்பத்தெட்டுக்குப் பின்வாங்கினேன். அரிசி இருந்த காலம். அப்போதுதான் அரிசியைப் பற்றி வேறு விதமாகக் கவலைப்பட முடியும்.

3

ராஜபாளையத்தில், ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள் கொண்ட ஒரு வளவில் வேதமணி குடியிருந்தாள். கணவன் ஞானராஜுக்கு மில்லில் வேலை. அடுத்த வீடு சீனியம்மாளுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். ஆண்டாளைத் ‘தாயி’ என்றுதான் சொல்வாள், ஏதோ பக்கத்துத் தெருவில் இருக்கிற பெரியம்மாவைச் சொல்வதுபோல.

வேதமணிக்கு ஒரு பழக்கம். நாள் முழுக்க ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். முழங்காலில் நின்று பேசுகிற பேச்சு தனி. இது வேலைக்கு நடுவே பேசுவது. “ஆண்டவரே, அடுப்பப் பாத்துக்கிடும், தண்ணி எடுத்துட்டு செத்த நேரத்துல வாரேன்.” திரும்பி வந்தபோது பருப்பு அடிப்பிடித்திருந்தால் அதையும் அவரிடமே முறையிடுவாள். ஞானராஜுக்கு இது சில சமயம் வேடிக்கை, சில சமயம் எரிச்சல். எனக்கு இது பெரிய ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமைக் கோவிலில் கடவுளைக் காண்பவர்களை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை துணி துவைக்கும் கல்லில் காண்பது எப்படி? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அதுதான் பிடியரிசி. கிறிஸ்தவ வீடுகளில் அப்படியொரு வழக்கம். அறுப்புக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை வரும்போது பானையோடு கோவிலுக்கு (சர்ச்சை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) கொண்டுபோவார்கள். அந்த அரிசி அசனத்துக்குப் போகும். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துதான் அசனம்.

4

அந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் வேதமணி காய்ச்சலில் விழுந்தாள். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் விறகுக்குப் போய்வந்ததிலிருந்து விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல். ஆளே அடையாளம் தெரியாமல் போய்விட்டாள். பிழைக்கமாட்டாள் என்று வளவில் பேச்சு. ஞானராஜ் வேலைக்குப் போயாக வேண்டும். சீனியம்மாள்தான் இங்கே வந்து அடுப்பு மூட்டினாள்.*

(* கிறிஸ்தவ வீட்டு அடுப்பில் அவள் சமைப்பாளா என்று கேட்கும் வாசகருக்கு: அவள் மாமியாரும் அதையே கேட்டாள். “காய்ச்சல்காரிக்குக் கஞ்சி வைக்க எந்த அடுப்பா இருந்தா என்ன?” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் சாப்பாட்டைத் தன் வீட்டில்தான் சாப்பிட்டாள். முழுச் சமத்துவம் வேண்டுவோர் என்னை மன்னிக்க வேண்டும்.)

காய்ச்சல் விட்டுத் தெளிந்த ஒரு காலையில், பாயில் கிடந்தபடி வேதமணி பார்த்தாள். சீனியம்மாள் உலைக்கு அரிசி அளந்தாள். ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டாள். வேதமணிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. வேற்று மதத்துக்காரி, என் காணிக்கையை மறக்கவில்லையே என்று.

சீனியம்மாள் பிறகு தன் மடியை அவிழ்த்தாள். அதிலிருந்து இன்னொரு பிடி எடுத்தாள். சிவப்பு அரிசி. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஆண்டா தாயே, இவ எந்திரிச்சு நடக்கணும்” என்று முணுமுணுத்து, அதையும் அதே பானையில் போட்டாள்.

“ஏட்டி சீனி,” என்றாள் வேதமணி. குரல் எழும்பவில்லை. “அது என்ன அரிசி?”

“முழிச்சிட்டியா? இது கான்சாபுரத்துல எங்கண்ணன் வயல் அரிசி. நீ படுத்ததுலருந்து போடுதேன். ஒன் பிடி ஒண்ணு, எம் பிடி ஒண்ணு.”

“எங்க வீட்டு அரிசியே போதாதா?”

“ஒன் அரிசியப் போட்டா அது ஒன் காணிக்க. நேந்துக்கிட்டவ நானு. என் வீட்டுலருந்துதான போகணும்?”

“யாருக்கு நேந்த?”

சீனியம்மாளுக்கு அந்தக் கேள்வியே வினோதமாக இருந்தது. “அரிசி ஒங்க சாமிக்குத்தான். பானை அவருதுல்லா. கேக்கது மட்டும் எங்க தாயிகிட்ட கேட்டேன். ஒங்க சாமிகிட்ட எனக்குப் பேசிப் பழக்கமில்ல.”

5

இங்கே எனக்குச் சீனியம்மாள் மேல் சந்தேகம் வந்தது. ரொம்ப நல்லவளாக வந்துவிட்டாள். இப்படிப்பட்டவர்கள் கதைகளில்தான் இருப்பார்கள். ஆகவே அவளைக் கிணற்றடிக்கு அனுப்பினேன். அங்கே போய், “வேதமணிய எங்க தாயிதான் எழுப்பி உட்கார வச்சா” என்று வளவு முழுக்கச் சொன்னாள். பண்டிகையன்று பானையைத் தானே சுமந்துவந்து கோவிலில் இறக்கப்போவதாகவும் சொன்னாள். வேதமணி வைக்கும் குழம்பில் உப்பு பத்தாது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். இப்போது அவள் மனுஷியாக இருக்கிறாள்.

அந்தப் பேச்சு வேதமணியின் காதுக்கு வந்தது. அவள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது. அடுப்பிடம் போனாள், துணி துவைத்தாள், ஒரு வார்த்தை ஆண்டவரிடம் பேசவில்லை. பருப்பைப் பற்றிக்கூடப் பேசியவளால் இந்தப் பானையைப் பற்றிப் பேச முடியவில்லை. என்னைப் பிழைக்க வைத்தீரே என்று தொடங்கினால், கேட்டது யார் என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. விக்கிரகத்துக்கு நேர்ந்ததைச் சபையார் அத்தனை பேருக்கும் உண்ணக் கொடுப்பதா? கொடுக்காமல் விட்டால் சீனியின் முகத்தில் எப்படி விழிப்பது? காய்ச்சலில்கூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஞானராஜிடம் சொன்னாள். “அரிசில பேரு எழுதியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு அவன் தூங்கப் போனான்.

6

முடிவுகள்.

(அ) வேதமணி சபை ஊழியரான உபதேசியாரிடம் போகிறாள். அவர், “கோழிக்குப் போடும்மா, வேற அரிசி கொண்டுவா” என்கிறார். எழுதிப் பார்த்தேன். உபதேசியார் கல்நெஞ்சராகவும் நாமெல்லாம் உத்தமர்களாகவும் ஆகிவிடுகிறோம். அடித்துவிட்டேன்.

(ஆ) அதே உபதேசியார், அன்பே எல்லாவற்றையும் பரிசுத்தமாக்கும் என்று பிரசங்கம் செய்கிறார். வேதமணியின் பாரம் இறங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுடைய ஆண்டவரிடம் அவள் பேச வேண்டியதை இன்னொருவர் பேசி முடித்துவிடுகிறார். இதுவும் வேண்டாம்.

(இ) பானையைக் கை தவறிப் போட்டு உடைக்க...

வெட்கமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

7

பேனாவை வைத்துவிட்டு, வேதமணி தானாக என்ன செய்வாள் என்று யோசித்தேன். சும்மா இருக்காத கை அவளுக்கு. கை எதையாவது செய்யும்.

பண்டிகைக்கு முந்தின நாள் பிற்பகல். பானையை முறத்தில் கவிழ்த்தாள். வெள்ளையும் சிவப்புமாய் அரிசி பரவியது. பிரித்துவிடலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. சிவப்பை எடுத்துத் தனியாக வைத்துவிட்டால் காணிக்கை காணிக்கையாகவே இருக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். பக்கத்தில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. சீனியம்மாள்.

“கல்லு பாக்கியா? தள்ளு, நானும் பாக்கேன்” என்று எதிரே உட்கார்ந்தாள். முறத்தை ஒருமுறை குலுக்கினாள். “கல்லே இல்லையே. எதப் பொறுக்குத?”

வேதமணி இன்னொரு சிவப்பு அரிசியைக் குவியலில் போட்டாள். சீனியம்மாள் அந்தக் குவியலைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

(அவளைக் கோபப்பட வைக்கலாம். அழ வைக்கலாம். இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, நான் அப்படிச் செய்யமாட்டேன் என்றாள்.)

“ஆமா,” என்றாள் சீனியம்மாள். “செவப்பு வேக நேரம் எடுக்கும். அசனத்துக்கு அம்புட்டு அரிசியையும் ஒண்ணாப் போட்டா பாதி நருக்குனுதான் நிக்கும். எனக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சு பாரு.”

சொல்லிவிட்டுக் குனிந்தாள். தான் கண்ணில் ஒற்றிப் போட்ட அரிசியைத் தானே பொறுக்கத் தொடங்கினாள். வேதமணியைவிட வேகமாக, ஒன்றுகூட விட்டுப்போகாமல்.

புரியாமல் சொன்னாளா, புரிந்துதான் சொன்னாளா? அவளைப் படைத்த எனக்கே தெரியவில்லை. வேதமணிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் விரல்கள் நிற்கவில்லை, பொறுக்கிக்கொண்டேதான் இருந்தன. அது அவளுக்கே பயமாக இருந்தது. அப்போதுதான், எழுந்து நடமாடத் தொடங்கியபின் முதல்முறையாக, ஆண்டவரிடம் பேச அவள் வாய் திறந்தது.

“ஆண்டவரே,” என்றாள் மெதுவாக, “என் கைய நிறுத்தும்.”

சீனியம்மாள் நிமிர்ந்தாள். “என்னட்டி சொன்ன?”

8

‘வேதமணி அவள்...’

‘சீனியம்மாளின் மணிக்கட்டை...’

‘சிவப்புக் குவியலை அப்படியே அள்ளி...’

மூன்றையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். கை நின்றது என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அவள் கேட்டது என்னிடம் அல்ல. கேட்கப்பட்டவர் செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டால், அவள் பேசியதெல்லாம் இத்தனை நாளும் என்னைப் போன்ற ஒருவனோடுதான் என்று ஆகிவிடும்.

நாளைக்குப் பண்டிகை. சீனியம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். என் வாயில் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.