தலைகீழாய்க் கிடந்த குழாய்

எங்கள் துறை உதவியாளர் கோவிந்தராஜ் அண்ணன் குழாயில் அந்த அம்புக்குறியைப் போட்டிருக்க முடியாது. அன்றைக்கு அவர் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தார். சிவப்புப் பெயின்ட் டப்பா என் பையில் இருந்தது. இதைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் போதும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் மணவாளன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவே, மண்ணிலிருந்த கரித்துண்டுகளின் வயதைக் கணக்கிட்டு ஆய்வகம் அனுப்பிய கடிதம். அதன்படி, பருத்திப்பட்டுப் பக்கம் கூவத்தின் கரையில் மண் எடுக்க இறக்கிய இரண்டாவது குழாயில், அடிமண்ணைவிட மேல்மண்ணுக்கு வயது அதிகம். ஆற்றுமண் அப்படிப் படியாது. நாங்கள்தான் குழாயைத் தலைகீழாக வைத்துப் படித்திருக்கிறோம்.

பெருவெள்ளம் பருமணலைப் போடும். சாதாரண வருடங்களில் வண்டல் படியும். மழை பொய்த்த காலங்களில் களிமண்ணுக்குள் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள், திரளும். ஏழடி மண்ணில் மூவாயிரம் வருடத்து மழையையும் வறட்சியையும் படிக்கலாம், மேல் எது கீழ் எது என்று தெரிந்தால். அதற்காகத்தான் குழாயை உருவுவதற்கு முன்பே மேல்நோக்கி ஓர் அம்பு போட வேண்டும். எண்பத்தேழு ஐப்பசியில் அந்தக் குழாயை உருவிய அன்று மழை பிடித்துக்கொண்டது. நான் போடவில்லை. குமணன்சாவடியில் டீக்கடைக் கூரைக்கடியில்தான் டப்பாவைத் திறந்து அம்பு போட்டேன்.

"இன்னாம்மா வசந்தா, இந்தாண்டயா மேலே? அந்தாண்ட இல்ல?" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும், தெரியும், டாக்டரம்மா. தலமாடு கால்மாடு மாத்திப் படுக்கவெச்சா ஆறு கண்ட கனாவும் கண்டுகினு கெடக்கும். அவ்ளோதான் சொல்றேன்."

சிரித்தேன். அந்த அம்பை நம்பித்தான் கருத்தரங்கில் பேசினேன், வறட்சி முதலில், பெருமழை பிறகு என்று. கைதட்டினார்கள்.

போன ஆடியில் அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருடைய வேலையைக் கேட்டு அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா மனுக் கொடுத்திருக்கிறார். அண்ணனின் பணியில் குறையில்லை என்று துறை எழுதித் தர வேண்டும். அதற்காக அக்கா ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுப் போவார். "ஊட்ல உன்னப் பத்தியே பேசிகினு இருப்பாரும்மா" என்பார். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"உதவியாளர் அடையாளமிட்டதில் பிழைன்னு ஒரு வரி எழுதியிருக்கேன்" என்றார் பேராசிரியர். "நீ கையெழுத்துப் போட்டா போதும்."

"அக்காவோட மனு இருக்கு, சார்."

"அது வேற ஃபைல். செத்தவனுக்கு என்னம்மா நஷ்டம்? உன் பிழைன்னு போட்டா, நாலு வருஷ ஆராய்ச்சி போயிடும். யோசி."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒரு கணம் அந்த வரி எனக்குப் பிடித்தும் இருந்தது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற நிம்மதி உடம்பில் பரவியது. அப்படி ஒரு நிம்மதி எனக்குள் இருக்கும் என்று அதுவரை தெரியாது. துக்கம் என்று இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது எதை?

வராந்தாவில் யாரோ இருமினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைப் பேராசிரியர் பக்கம் மெதுவாக நகர்த்தினேன்.

"போட மாட்டேன், சார்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.