சட்டித்தலையன்களோடு சமாதானம்

"நாப்பத்தொன்னும் கவுந்து கெடக்கு லா," என்றான் அஸ்லான்.

மடிக்கணினியை மற்ற மூவர் பக்கமும் திருப்பிக் காட்டினான். கறுப்பு வானம், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றிச் சட்டித்தலையன்களின் கப்பல்கள். விளையாட்டைச் செய்தவர்கள் அந்த வேற்றுக்கிரக இனத்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தார்கள். கப்பல்கள் அச்சு அசல் சட்டி மாதிரி இருந்ததால் முதல் வாரமே தினேஸ்வரி வைத்த பெயர்தான் நின்றது. மூன்று வருஷமாக அந்தச் சட்டிகள் வாயை நட்சத்திரத்துக்குக் காட்டி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நின்றன. பேச மாட்டார்கள், கடிதம் போட மாட்டார்கள். சுட்டால் திரும்பச் சுடுவார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு ஒன்று விடாமல் கவிழ்ந்து கிடந்தன. திரையின் அடியில் இரண்டு கட்டங்கள் வந்திருந்தன. ஒன்று சண்டை. மற்றது சமாதானம்.

சண்டைக்கு ஒருவர் அழுத்தினால் போதும். சமாதானத்துக்கு நாலு பேரும் அழுத்த வேண்டும். சமாதானம் என்றால் ஆட்டமும் அதோடு சரி. பெயர்கள் ஓடும், பாட்டு வரும், மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை மூடிக் கட்டிவிடுவார்கள். சண்டை என்றால் இன்னும் ஒரு வருஷமாவது ஓடும்.

அஸ்லானுடைய அத்தா மதார் சாகிப்பின் சாப்பாட்டுக் கடை ஈப்போவில், பழைய கடைவரிசை ஒன்றில் இருந்தது. அதன் மாடிதான் இவர்களுடைய தலைமையகம். கீழேயிருந்து மீன் கறி வாசனை படியேறி வரும். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை தெரியும். மணி மூன்றரை. மலைக்குப் பின்னால் மழை கருத்துக்கொண்டிருந்தது.

"அது கவுக்கல லா, குறி வெக்கறானுங்க," என்றாள் தினேஸ்வரி. பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள். வாரம் முழுக்க வலியோடு வருகிறவர்களிடம் இனிமையாகப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து சுட்டுத் தள்ளுவாள். "வாயி எங்க இருக்கு பாரு. நேரா நம்ம பக்கம்."

"அதேதான்," என்றான் சுரேன். "எல்லாம் பீரங்கி வாயி. இப்ப விட்டோம், அடுத்த சுத்துல நம்ம கத முடிஞ்சிரும்."

சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அது பீரங்கி வாய் இல்லை என்று அவனுக்குத் தெரியும். திரையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் பிடிக்கக் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்தை, பால்வெட்டு இல்லாத நாளில் அப்படித்தான் கவிழ்த்து வைப்பார்கள். நிறுத்திவிட்டோம், இன்றைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். விளையாட்டைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, கித்தா மரத்தைப் பார்த்திருப்பானோ இல்லையோ, சட்டித்தலையன்கள் சொல்ல வந்தது அதுதான். நாற்பத்தொரு தடவை சொல்லியிருக்கிறார்கள்.

பவித்ரனுக்கும் தெரிந்திருக்குமா? எதிரில் உட்கார்ந்து தே தாரே தேநீர்க் கிளாஸின் விளிம்பில் நின்ற நுரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். ஏர்கோன் குளிர்சாதனங்களைப் பழுது பார்க்கிறவன். ஆட்டத்திலும் அவனுக்கு அதே வேலைதான். யாராவது அடி வாங்கி நடுவானத்தில் நின்றால் போய் இழுத்து வருவான். இந்த மூன்று வருஷத்தில் சுரேனை மட்டும் அறுபது எழுபது தடவை இழுத்து வந்திருப்பான். வருகிற புதன்கிழமை அவன் சிங்கப்பூருக்குப் போகிறான். தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, ஞாயிறு லீவு கிடையாது.

"எங்க இருந்தாலும் ஆன்லைன்ல போடலாம் லா," என்று போன வாரம் சொன்னான். முன்பு இவர்களோடு ஐந்தாவது ஆளாக ஆடிய பத்துமலையும் அதையேதான் சொன்னான். கோலாலம்பூருக்குப் போன முதல் மாதம் இரண்டு தடவை வந்தான். அவனுடைய மஞ்சள் கப்பல் இன்னும் துறையில் நிற்கிறது. யாரும் அதை நகர்த்துவதில்லை.

சண்டை நடந்தால் வராமல் இருக்க முடியாது என்று சுரேன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். சமாதானமாகிவிட்டால் பவித்ரன் எதற்காக வருவான்? சும்மா பேசவா? இருபத்தேழு வயதில் இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சும்மா பேசி அவன் பார்த்ததில்லை. என்ன மச்சான், சாப்டியா, சரி. அதோடு முடிந்துவிடும்.

"நான் ஒன்னு கேக்கறேன்," என்றான் அஸ்லான். ஆட்டத்தின் பழைய பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தான். "மொத குண்டு யாரு போட்டது?"

"அவனுங்கதான். எங்கம்மாவயே வெடிக்க வெச்சானுங்க!" தினேஸ்வரி தன் கப்பலுக்கு அம்மாவின் பெயரைத்தான் வைத்திருந்தாள். புஷ்பலதா. நாள் முழுக்க ஓயாமல் சுடும் கப்பலுக்கு வேறு பெயர் பொருந்தாது என்பாள்.

"புஷ்பலதா வெடிச்சது மார்ச்சுல. நான் அதுக்கு முந்தின டிசம்பர கேக்கறேன். அவனுங்க எடத்துக்குள்ள பூந்து மொத குண்டு போட்டது சுரேன்."

"அது கை தவறி பட்டுருச்சி லா."

"கை தவறி பதினோரு குண்டா?"

தினேஸ்வரி சிரித்துவிட்டாள். சுரேனுக்குச் சிரிப்பு வரவில்லை. "யாரு மொதல்ல போட்டா என்னா? இப்ப அவனுங்க நாப்பத்தொரு பேரு. நாம நாலு பேரு. கையெழுத்து போட்ட அடுத்த நிமிசம் பின்னால வந்து அடிச்சா யாரு வந்து காப்பாத்துவா?"

"ஆட்டமே முடிஞ்சிருது. எப்படி லா வந்து அடிப்பான்?"

சுரேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அஸ்லான் குரலைத் தணித்துக்கொண்டான். "இத பாரு. அவனுங்களுக்கு வெளிச்சந்தான் சாப்பாடு. கவுந்து கெடந்தா வெளிச்சம் உள்ள போவாது. பதிவேட்ட பாரு, நேத்து ராத்திரிலேருந்து மூனு சுத்தா அப்படியே கெடக்கறானுங்க. பட்டினி. நாம என்னா சொல்லப்போறோம்னு பாத்துகிட்டு இருக்கானுங்க."

தினேஸ்வரி திரையை உற்றுப் பார்த்தாள். கப்பல்களின் ஓரத்து விளக்குகள் மங்கியிருந்தன. இரண்டு மூன்று அணைந்தே போயிருந்தன.

"ஐயோ, பாவம் லா," என்றாள். "எங்கம்மாகூட வெரதம் இருந்தா அமைதியா இருக்காது." மௌஸை இழுத்துச் சமாதானத்தை அழுத்தினாள். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அஸ்லான் அழுத்தினான். இரண்டாவது எரிந்தது.

"பவி, நீ என்னா சொல்ற?" என்று கேட்டாள்.

பவித்ரன் கிளாஸை மேசையில் வைத்தான். "சுரேன் என்னா சொல்றானோ அதான். அவன் சண்டன்னா எனக்கும் சண்டதான். ஷிப்டு முடிஞ்சி வந்து போடறேன். கொஞ்சம் தூக்கம் கெடும், பரவால்ல."

சுரேன் எதிர்பார்த்தது இதைத்தான். பவித்ரனின் சிங்கப்பூர் வேலை தெரிந்ததிலிருந்து மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக் காத்திருந்ததும் இதைத்தான். காதில் விழுந்தபோது ஜெயித்த மாதிரி இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தினேஸ்வரியின் போன் அடித்தது. "பாத்தியா, பேர சொன்ன ஒடனே," என்று முனகியபடி எடுத்தாள். "ம்மா... ஈப்போலதான்மா... ஆமா, பசங்ககூடதான்... இல்லம்மா, அவனுங்களுக்கு நான் வேணாம்மா, சட்டித்தலையன்தான் வேணும்..." பேசிக்கொண்டே மாடி வராந்தாவுக்குப் போனாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மதார் சாகிப் பாதிப் படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அஞ்சு மணிக்கு மேல ஒரு பெர்த்டே பார்ட்டி வருது. சண்டையோ சமாதானமோ, அதுக்குள்ள முடிச்சிட்டு எடத்த குடுங்கப்பா. அஸ்லான், நீ வந்து பலூன தூக்கு."

"இந்தா வரேன் அத்தா."

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மின்விசிறி டக்டக்கென்று சுற்றியது. தூரத்தில் முதல் இடி.

"அந்தத் தேளு ஞாபகம் இருக்கா?" என்றான் பவித்ரன்.

சுரேன் நிமிர்ந்தான்.

செமோர் பக்கத்தில் அவர்கள் பிறந்த தோட்டம். கித்தாவை எடுத்துவிட்டுச் செம்பனை போடப்போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. கடைசி வெட்டு நாளன்று சுரேனின் அம்மா நவமணி எடுத்த பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வரவில்லை. தன் நெரைக்கே, தான் வெட்டும் மர வரிசைக்கே, திரும்பப் போய் மரம் மரமாக மங்குகளைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். எட்டு வயதுச் சுரேனும் அடுத்த வீட்டுப் பவித்ரனும் ஆளுக்கொரு பக்கம் ஓடி ஓடிக் கவிழ்த்தார்கள். யார் முந்துவது என்று போட்டி. அடுத்த வாரம் மரத்தையெல்லாம் சாய்க்க இயந்திரம் வருகிறது என்று அந்த இரண்டு பையன்களுக்கே தெரியும். "அப்பறம் எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு, "வெட்டு இல்லன்னா கவுத்துதான்டா வெக்கணும். தண்ணி நின்னா கொசு வரும்," என்றார், அந்த மரங்கள் இன்னும் நூறு வருஷம் நிற்கப்போவதைப் போல. ஒரு மங்குக்குள் தேள் இருந்தது. பவித்ரன் அலறிக்கொண்டு பின்னால் போய்ச் சருகில் மல்லாக்க விழுந்தான். சுரேன் சிரித்த சிரிப்பில் காற்சட்டை நனைந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியும்," என்றான் சுரேன்.

"பாத்த ஒடனே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீ சொல்லலயே."

மழை வந்தேவிட்டது. தகரத்தில் கல்லைக் கொட்டுவது போல் சத்தம். பவித்ரன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். உட்காரும்போது நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மச்சான், நீ சண்ட போடு. நான் வரேன்னு சொன்னது சும்மா இல்ல. ஆனா வந்து ஒன்ன இழுத்துகிட்டு போவேன், அவ்வளவுதான். பாதி தூக்கத்துல என்னா பேச முடியும்?"

"பேசறதுக்கு என்னா இருக்கு?" என்றான் சுரேன். எரிச்சலாகச் சொல்ல நினைத்தான். கேள்வியாக வந்து விழுந்தது.

பவித்ரன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "தெரியல லா," என்றான் கடைசியில். "தேளப் பத்தி பேசலாம்."

தினேஸ்வரி போனை அணைத்துவிட்டு ஈரத்தலையோடு உள்ளே ஓடிவந்தாள். பின்னாலேயே இரண்டு கை நிறையப் பலூனோடு அஸ்லான் வந்தான். ஒரு மஞ்சள் பலூன் கயிறு அறுந்து விட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "இன்னுமா லா முடியல? கேக்கு வந்துருச்சி," என்றான். பிறகு அவனும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

திரையில் இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. சட்டித்தலையன்களில் இன்னொருவன் விளக்கு மெல்ல அணைந்தது. சுரேனின் விரல் மௌஸின் மேல் இருந்தது, அம்புக்குறி சண்டைக்கும் சமாதானத்துக்கும் நடுவில்.

பவித்ரன் தன் கிளாஸை எடுத்து அடியில் கிடந்ததை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டான். வெறும் கிளாஸை ஒரு கணம் பார்த்தான். பிறகு அதைச் சாஸரின் மேல் கவிழ்த்து வைத்தான். உள்ளே ஒட்டியிருந்த நுரை கண்ணாடியில் மெதுவாக வழிந்து இறங்கியது.

"என்னா பவி இது, எங்கத்தா பாத்தா திட்டுவாரு," என்றான் அஸ்லான்.

பவித்ரன் கிளாஸை நிமிர்த்தவில்லை.

சுரேன் மௌஸை விட்டுக் கையை எடுத்தான். அவனுடைய கிளாஸில் இன்னும் பாதி இருந்தது. ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. கையில் எடுத்தான். கவிழ்ப்பதற்கு முன் அதைக் காலி செய்ய வேண்டும். ஒரு வாய் குடித்தான். மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இன்னொரு வாய். அவன் அவசரப்படவில்லை. மற்றவர்களும் அவனை அவசரப்படுத்தவில்லை.