பின்பக்கம் எழுதாத அட்டை

அன்று அட்டை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அகராதியின் தலைமைத் தொகுப்பாளர், அவர் வரவழைத்த டாக்டர், உயரத்து இழுப்பறைகளிலிருந்து அட்டைகளை எடுத்துத் தரும் ஏணிக்காரர், கீழ்த்தளத்தில் மெய்ப்புத் திருத்துபவர், மேலே அட்டைகளுக்கு விளக்கம் எழுதும் அவருடைய மனைவி. மனைவியின் உள்ளங்கையில் வைத்த ரொட்டித் துண்டு இரண்டு நிமிடத்தில் சிவந்து மொறுமொறுப்பானது. டாக்டர் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பார்த்தார். நாடி சீராக இருந்தது, காய்ச்சல் இல்லை. வேலையினால் ஏறும் சூடு, வேலை முடிந்தால் இறங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரொட்டியைக் கடித்தபடி படியிறங்கினார். அடுத்த முறை வெண்ணெய் கொண்டு வருவதாகச் சொன்னார்.

வேலை இதுதான். ஆங்கிலத்தில் அளவு மீறிய ஈடுபாட்டைச் சொல்ல ஒரு கூட்டமே வார்த்தைகள் இருக்க, பழைய பதிப்பு எல்லாவற்றுக்கும் எதிரே ‘வெறி’ என்று ஒன்றையே போட்டிருந்தது. பந்தாட்டம் பார்க்கிறவனும், தபால்தலை சேர்க்கிறவனும், அடுத்தவன் வீட்டுக்குத் தீ வைக்கிறவனும் அதில் ஒன்றுதான். தலைமைத் தொகுப்பாளருக்கு அது அவமானமாக இருந்தது. ஏ முதல் இஸட் வரை ஆளுக்கொரு மூலையில் கிடந்த நாற்பத்தொரு வார்த்தைகளைப் பொறுக்கி ஒரே இழுப்பறையில் போட்டார். பிரிந்து கிடந்தவரை அவை சும்மா இருந்தன. சேர்த்து வைத்த இரண்டாம் வாரமே இழுப்பறையின் பித்தளைப் பிடி தொட முடியாமல் சுட்டது, அதற்குப் பொறுப்பேற்ற மெய்ப்புக்காரரின் மனைவிக்கும் சூடு ஏறியது. கிறுக்கு வரும், போகும். பித்து வந்தால் இறங்காது. வெறி பக்கத்திலிருப்பவரையும் கடிக்கும் என்று அவர் பிரித்துக்கொண்டே போக, ஜன்னல் கண்ணாடிகளில் ஆவி படிந்தது. மழைக்காலத்தில் மூன்று மாடிக்காரர்களும் ஈரக் குடைகளை அவர் நாற்காலியைச் சுற்றி விரித்து வைத்தார்கள். ஏணிக்காரர் காலையில் வந்ததும் முதல் வேலையாக அவர் அருகே நின்று குளிர்காய்வார். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, இந்த அளவு காகிதத்துக்கு இப்படி ஓர் ஆள் தாங்கும், இரண்டு பேர் தாங்காது என்று சான்றிதழ் கொடுத்தார்.

கணவருக்கு அலுவலகத்தில் ஐஸ் என்று பெயர். அந்த அம்மாளின் சூடு பேருந்து நிறுத்தம் வரை கூட வரும். வீட்டு வாசல்படியில் இறங்கிவிடும். ஊரே குளிர்காய்கிற கை, சாப்பாட்டு மேஜையில் அவருக்குத் தண்ணீர் நகர்த்தும்போது குழாய்த் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருக்கும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏணிக்காரர் காலையில் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்து வந்தார். ஒன்பது நிமிடம்.

அகராதியில் ஒரு விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தனக்குத் தெரிந்த ஓர் ஆளை வைத்துத்தான் எழுத வேண்டும். அட்டையின் பின்பக்கம் அவர் யார் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். மெய்ப்புக்கு வந்த அட்டைகளைக் கணவர் முன்பக்கம் ஒரு முறையும் பின்பக்கம் மூன்று முறையும் படித்தார். ‘பஃப்’ என்பதற்கு, ரயில் அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லும் சித்தப்பா. ‘ஃப்ரீக்’ என்பதற்கு, விருந்தாளி எழுந்து போனதும் நாற்காலியைக் கழுவும் நாத்தனார். ‘அடிக்ட்’ என்பதற்கு, சீட்டாடும் மாமனார். முடிவெட்டுகிறவருக்கும் இரண்டு வார்த்தைகள் கிடைத்திருந்தன.

“எங்கப்பா இருக்காரு, என் தங்கச்சி இருக்கா. நான் எங்க?” என்று சாப்பிடும்போது கணவர் கேட்டார்.

“உங்களுக்கு எதுல பைத்தியம்னு சொல்லுங்க, எழுதிடறேன்.”

அவர் வெகுநேரம் யோசித்தார். “கமா போடறதுல கவனமா இருப்பேன்.”

“கவனத்துக்கு வேற இழுப்பறைங்க,” என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நாற்பத்தொன்றாவது அட்டை ‘ஸெலட்’. ஒன்றைப் பிடித்தால் கை எரிந்தாலும் விடாதவர் என்று முன்பக்கம் பதினோரு நாள் உழைத்து எழுதிய விளக்கம் இருந்தது. எடுத்துக்காட்டு இல்லை. பின்பக்கம் காலி. எழுதக் கூசுகிற ஆள் என்றால் அது யார் என்று கணவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆள் ஏணியின் மேல் நிற்பவர். மறுநாள் உணவு இடைவேளையில், இரண்டு லட்சம் அட்டைகள் இருந்த அறைக்குள் போய், தனக்கே இடம் தெரியக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட இழுப்பறையில் அதைச் செருகினார். இடம் மாறிய அட்டை அங்கே செத்த அட்டை. இடம் மாற்றி வைத்தவரைத் திட்டும்போது அப்படித்தான் சொல்வார்கள்.

நான்காம் நாள் தலைமைத் தொகுப்பாளர் அவரைக் கூப்பிட்டார். “என்னய்யா இது? அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஆள் அகப்படலன்னு உங்க வீட்டம்மா காலியா விட்டு வெச்சிருந்தாங்க. இப்ப அட்டையையே காணோம். அச்சே நிக்குது.”

தொலைந்த அட்டையை ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது என்பதும் விதிதான். ஆக, மொத்த அகராதியிலும் தனக்கு மிச்சமிருந்த ஒரே இடத்தைக் கணவர் தன் கையாலேயே தொலைத்திருந்தார். அன்று பிற்பகலே தேடத் தொடங்கினார். ஏ-யில் ஆரம்பித்தார். உணவு இடைவேளைகளைச் சாப்பிடாமல் கழித்தார், பிறகு விடுமுறை நாட்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏணிக்காரரிடம் ஏணி கேட்க மனமில்லாமல் நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறினார். ‘டி’ முடிந்தபோது முகத்தில் சதை வற்றியது. ‘ஜே’யில் அவர் தொட்ட அட்டைகளின் ஓரம் பழுப்பேறியது. ‘எம்’ வரும்போது பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். யாரும் அவரை ஐஸ் என்று கூப்பிடவில்லை. மனைவி அதே அறையில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் மற்ற வார்த்தைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் மாதம், ‘அம்ப்ரெல்லா’ என்ற குடைக்கும் ‘அம்பயர்’ என்ற ஆட்ட நடுவருக்கும் நடுவே, ‘யு’வில் அட்டை கிடைத்தது. வெளியே மழை. அவர் அதை நுனியில் பிடித்துக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தார். அவர் விரல் பட்ட இடம் பழுப்பாகியிருந்தது.

“நான்தான்…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும். மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?”

“சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. எனக்கு ஆள் வேண்டியிருந்துச்சு.”

அவள் பென்சிலைச் சீவினாள். ஓர் அட்டைக்காக இரண்டு லட்சம் அட்டைகளுக்குள் தேடிய ஸெலட் அவர் என்று முன்பக்கம் எழுதி, திருப்பி, ‘என் வீட்டுக்காரர்’ என்று குறித்தாள். அவர் மூன்று முறை படித்தார். பிழை இல்லை. அதற்குள் மேல் இழுப்பறையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. தலைமைத் தொகுப்பாளர் சான்றிதழைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

“ரெண்டு பேர் தாங்காது. யாராவது ஒருத்தர் வெளிய போங்க.”

“இவரு போவாரு. என் வேலை இன்னும் முடியல,” என்றாள் மனைவி. எழுந்து வாசல் வரை வந்தாள். வீட்டில் ஒருநாளும் வராத அளவுக்கு நெருங்கி நின்றாள். அவள் சூட்டை அவ்வளவு அருகில் அவர் முதல் முறையாக உணர்ந்தார். அது தன்னுடையதா அவளுடையதா என்று பிரிக்க முடியவில்லை.

“அவர் உள்ளேயே இருப்பாரா?” என்றார், ஏணியைப் பார்த்து.

“அட்டை யார் எடுத்துத் தருவா? போங்க, காகிதம் கருகுது.”

அவர் வெளியே வந்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த காவலாளி தலை நிமிர்ந்து பார்த்து, கேட்காமலே தன் ஈரக் குடையை எடுத்து அவர் தோளில் மாட்டினார். உள்ளே ஏணி நகர்கிற சத்தம் கேட்டது. குடையிலிருந்து ஆவி கிளம்பியது. அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.