நீலக் கையுறை

மனைவியின் வாயில் இன்னொருத்தன் பெயர் தினமும் வந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் வயிறு எரியாது? நிருஜனுக்கு எரிந்தது. அந்த இன்னொருத்தன் ஒரு சாண் உயர வெண்கலச் சிலை என்பதால் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மேனுஷா லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பழைய உலோகச் சிலைகளைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பவள். இப்போது அவள் மேசையில் இருப்பவன் புராணப் பலசாலி ஹெர்குலிஸ். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில், அதைவிடப் பழைய ரோமானியச் சிலை ஒன்றைப் பார்த்து வார்த்தது. அதே நகரத்து நோர்பரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் நிருஜனுக்கோ தொந்தி. ஹெர்குலிஸின் தோளழகைக் கேட்டுக் கேட்டு அவனுக்குப் புட்டு தொண்டையில் இறங்கவில்லை.

"பணக்காரர் கையிலை வைச்சுத் தடவிப் பார்க்கத்தான் இதுகளைச் செய்விச்சவை. தடவித் தடவி இடுப்பு மினுங்குது," என்றாள் மேனுஷா.

"நீரும் தடவுறனீரோ?"

"உங்களுக்கென்ன விசரோ? வெறுங்கை பட்டால் வியர்வை வெண்கலத்தை அரிக்கும். கிளவ்ஸ் போடாமல் தொட ஏலாது."

அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மறுநாளே கடையிலிருந்து நல்ல தடித்த நீலக் கையுறைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அக்கறை என்று நினைத்துச் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள், பாவம்.

ஊழியர்களின் குடும்பங்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்திருந்த நாளில் நிருஜன் முந்தியே போய்விட்டான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேனுஷா தனியே இருந்தாள். அவன் கொடுத்த பெட்டி மேசையில் திறந்திருந்தது. சிலைக்கு மெழுகு பூசி முடித்தவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு வலக்கைக் கையுறையைக் கழற்றிவிட்டு, ஹெர்குலிஸின் பிடரியிலிருந்து முதுகுப் பள்ளம் வழியாகப் பெருவிரலை மெல்லக் கீழே இறக்கினாள்.

அந்த விரலை நிருஜனுக்குத் தெரியும். கலியாணமான புதிதில் அவனுடைய பிடரியிலும் அது அப்படித்தான் இறங்கியது. எப்போது நின்றது என்று யோசித்தான். நினைவு வரவில்லை.

அவன் கண்ணாடியைத் தட்டவில்லை. எல்லோரும் வந்தபின் மேனுஷா இரண்டு கையிலும் கையுறையோடு சிலையைத் தூக்கிக் காட்டியபோது, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினான்.

திரும்பும் ரயிலில் அவள் அவன் தோளில் சாய்ந்து கையைப் பிடிக்க வந்தாள். நிருஜன் அவள் மேசைப் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த நீலக் கையுறை ஒன்றைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் போட்டான்.

"இதைப் போட்டுக்கொண்டு பிடியும்."

மேனுஷா கையுறையைப் பார்த்தாள். வலக்கைப் பெருவிரலை மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.