அடுத்தவன் கை பட்ட பெட்டி

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரை மெக்கானிக் இம்மானுவேலைத் தவிர யாரும் திறந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடித்துக்கொடுக்கும் காளீஸ்வரி, அரை மணிக்கொரு தரம் அது அணைந்துபோகிறது என்று கூப்பிட்டதும் அவர் ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார்.

மூடியைக் கழற்றியதும் வயிறு எரிந்தது. உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. வயர்களைச் சடை பின்னியதுபோல் யாரோ சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“யாரு கை வச்சது?”

“முந்தாநாள் நீங்க ஊர்ல இல்லைன்னு தளவாய்புரம் பாலகணேஷைக் கூப்பிட்டேன் அண்ணாச்சி.”

நேற்று முளைத்த பயல்! இம்மானுவேல் கம்ப்யூட்டரின் கோளாறை மறந்து பாலகணேஷின் கோளாறைத் தேட ஆரம்பித்தார். ரேம் மெமரியைக் கழற்றி மாட்டினார். ஃபேனைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிராசசர் மேல் சூடு தணிக்கும் பேஸ்ட்டைக்கூடப் புதிதாக, அளவாகத் தடவியிருந்தான் படுபாவி. குறை சொல்ல ஒரு ஸ்குரூகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் மீட்டரை வைத்தபோது பவர் சப்ளையில் வோல்டேஜ் ஏறி இறங்கியது. போன வருஷம் வேறொரு பழைய பெட்டியிலிருந்து கழற்றி அவரே மாட்டிய பவர் சப்ளை.

அதையும் அவன் தலையில் கட்டத் துணிந்துவிட்டார். “தெரியாதவன் கை வச்சா இப்படித்தாம்மா. பவர் சப்ளையைக் கெடுத்து வச்சிருக்கான்.”

காளீஸ்வரி முழித்தாள். “அதுதான் கோளாறுன்னு அவரு அன்னைக்கே சொல்லிட்டாரே. ‘இது அண்ணாச்சி போட்டது, நான் மாத்துனா அவிய மனசு சங்கடப்படும், அவியளே வந்து மாத்தட்டும்’னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”