முதலில் நீங்கள், சம்பந்தி

பஸ் டிரைவரின் வயிற்றுப் புடைப்புக்கும் ஹெட்மாஸ்டரின் வயிற்றுப் புடைப்புக்கும் காரணம் ஒரே பீரோ. மகளைக் கட்டிக் கொடுத்த வகையில் டிரைவருக்கு ஹெட்மாஸ்டர் சம்பந்தி. பிள்ளைகள் வீடு மாறிய அன்று, ஆள் வைத்துக்கொள்ளாமல் இந்த இரண்டு வீரர்களும் ஆளுக்கொரு பக்கம் பீரோவைத் தூக்கினார்கள். பாதிப் படியில் மூச்சு வாங்கியபோது இறக்கி வைத்திருக்கலாம். மாட்டார்களே! பெண்ணைப் பெற்றவன் முதலில் கையை விட்டான் என்று பேச்சு வரக் கூடாது என்று இவர். பிள்ளையைப் பெற்றவருக்குத் தெம்பில்லை என்று ஆகிவிடக் கூடாது என்று அவர். இவருக்கு எப்போதோ குடல்வால் எடுத்த தழும்பு, அவருக்கு இரைப்பைப் புண்ணுக்கு அறுத்த தழும்பு. கடைசியில் விட்டுக்கொடுத்தவை தழும்புகள் மட்டும்தான்.

இருமினால் எலுமிச்சை, தும்மினால் ஆரஞ்சு என்று புடைப்பு வெளியே வரும். கையால் அமுக்கினால் சமர்த்தாக உள்ளே போகும். இது குடலிறக்கம், குடல் அங்கே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, உள்ளே வலை வைத்துத் தைத்துவிடலாம் என்ற சர்ஜன், இருவருக்கும் ஒரே நாளைக் கொடுத்தார்.

அன்று காலை, முதுகுப் பக்கம் முடிச்சு நிற்காத பச்சை கவுனில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் என்று நர்ஸ் கேட்டாள். அவ்வளவுதான். வயதில் மூத்தவர் நீங்கள் என்றார் டிரைவர். பெண் கொடுத்தவர் நீங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். நர்ஸ் போய்விட்டு வந்தாள்; உபசாரம் முடிந்தபாடில்லை. கடைசியில் சர்ஜனே கதவைத் திறந்து தலையை நீட்டினார். மதியத்துக்கு மேல் தியேட்டர் வேறொருவருக்கு, இன்று விட்டால் அடுத்த மாதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு நேரம் டிரைவர் காட்டியது மரியாதையே இல்லை, பயம். போன ஆபரேஷனில் மயக்க மருந்து ஏறும்போது "அம்மா" என்று அலறியவர் அவர். இன்றைக்கும் அலறினால் சம்பந்தி காதில் விழும். மகள் அந்த வீட்டில் காலமெல்லாம் கேலி கேட்க வேண்டும். அதற்காக இன்னொரு மாதம் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டவும் முடியாது.

அப்போது ஹெட்மாஸ்டர் நெருங்கி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஊசின்னாலே பயம். நீங்க போய்ட்டு வந்து, வலிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் நான் போறேன்."

டிரைவருக்குச் சிரிப்பு பீறிட்டது. இவர் சிரிக்க, அவரும் சிரிக்க, இரண்டு புடைப்புகளும் ஒன்றாக எழும்பின. டிரைவர் சட்டென்று கையை வைத்து அமுக்கினார். அமுக்கிய பிறகுதான் பார்த்தார், அது ஹெட்மாஸ்டரின் வயிறு. ஹெட்மாஸ்டரின் கையோ இவர் வயிற்றில் இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கும்பிடு போட்டதோடு சரி, இருவரும் தொட்டுக்கொண்டதே இல்லை.

"எனக்கும் பயம்தான் சம்பந்தி. கத்தினாலும் கத்துவேன், கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் உள்ளே போனார்.

மருந்து ஏறியது. சொன்னபடியே "அம்மா" என்று அலறினார்.

"இங்கதான் இருக்கேன், சம்பந்தி" என்று கதவுக்கு வெளியிலிருந்து ஹெட்மாஸ்டர் குரல் கொடுத்தார். டிரைவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.