மூன்று மாதம் முடியும்வரை

முழங்கால் ஆழம் தோண்டுவதற்குள் குழியில் உப்புத் தண்ணீர் ஊறிவிட்டது. ஏரிக்கரை மண் அப்படித்தான். ராஜேந்திரன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நகர்ந்து, மறுபடி தோண்ட ஆரம்பித்தான்.

கஸ்தூரி ஆட்டோவுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை மடியில் கிடந்தது. மூன்று நாள் இருந்துவிட்டு விடிகாலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. செத்த குழந்தையை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்று ஆட்டோவை நேராக இடுகாட்டுக்கே விட்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. குழந்தையின் முதுகில் மூடாமல் போன இடத்தின் மேல் நர்ஸ் ஒட்டிய பிளாஸ்திரி, துணிக்குள் கையில் தட்டுப்பட்டது.

"கிரகணத்தன்னிக்கு நண்டு உடைக்காதடின்னேன். கேட்டாளா இவ?" மாமியார் மனோரமா ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா சொன்னது வேறு. கரு உண்டான முதல் மாதத்திலேயே பிள்ளையின் முதுகுத்தண்டு மூடிக்கொள்ள வேண்டுமாம். ஃபோலிக் மாத்திரை அப்போதே போட்டிருந்தால் தப்பியிருக்கலாமாம். கஸ்தூரி மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை, கண் படும். தெரிந்தால், கூட இறால் பிடிக்கும் பெண்கள் ஏரியில் இறங்கவும் விடமாட்டார்கள். நாலாம் மாதம்தான் நர்ஸிடம் போய் மாத்திரை வாங்கினாள்.

"ஆச்சு, எடுத்துனு வாங்க," என்றான் ராஜேந்திரன். தகப்பன் குழிக்குள் நின்றுதான் பிள்ளையை வாங்க வேண்டும்.

"தையல் போட்ட உடம்பு, நீ எறங்காதே," என்றாள் மனோரமா. "எனுக்கு முட்டி வராது. பூவிழி, நீ வாங்கினு போ."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி பூவிழி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். காலையில் ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டு, பினாயில் நாத்தம் என்று சமாளித்தவள். நாள் தள்ளி ஒரு வாரம் என்று முந்தின நாள் கஸ்தூரியிடம் மட்டும் காதோடு சொல்லியிருந்தாள். பிள்ளைத்தாச்சி பிணத்தைத் தொடக் கூடாது. தொடமாட்டேன் என்றால் எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

"இன்னாடி ரோசன? உன் மாமன் எம்மா நேரம் குழில நிப்பான்?"

கஸ்தூரி குழந்தையைத் தரவில்லை.

"அவ தொடக்கூடாது அத்தே. முழுகாம இருக்கா."

"அக்கா!" என்றாள் பூவிழி.

"அடிப்பாவி! மூணு மாசம்கூட ஆவல, இடுகாட்டுல வச்சா சொல்லுவே? உனுக்குத் தங்காதது அவளுக்கும் வேணாம்னா?"

கஸ்தூரி ஆட்டோக்காரரிடம், "அண்ணே, இவங்க ரெண்டு பேரையும் அதே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. ஃபோலிக் மாத்திரை, இன்னிக்கே வாங்கணும்," என்றாள். குழந்தையை அணைத்தபடி கம்பியைப் பிடித்து இறங்கினாள். தையல் சுரீரென்று இழுத்தது.

மனோரமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூவிழி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தாள். மனோரமா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆட்டோ மணலில் திணறிக் கிளம்பியது. கஸ்தூரி மெல்ல நடந்தாள். குழந்தையின் முகத்தில் வெயில் விழுந்தது. முந்தானையை இழுத்து நிழல் பிடித்துக்கொண்டாள்.